அது அப்படித்தான் கட்டினது

மலாயாவில், கிள்ளான் கடைத்தெருவில் ஒரு ஆள் நேராக நடந்து வந்து, திடீரென்று இடது பக்கம் ஒதுங்கி, அங்கே இல்லாத எதையோ ஒரு தாண்டு தாண்டி, மறுபடியும் நேராகப் போனால், கள்ளுக்கடையிலிருந்து வருகிறான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டாளத்து ஜெட்டியில், அதாவது பட்டாளம் ஆற்றோரம் கட்டிவிட்டுப் போன மரப் படகுத்துறையில், மூட்டை தூக்கின ஆளாக இருப்பான். என் வீட்டுக்காரரே அப்படித்தான் நடப்பார். கல்யாணமான புதிதில் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் மனிதர் ஒரு துள்ளு துள்ளுவதைப் பார்த்து, ஏதோ வியாதிக்காரனுக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அழுதேன். "ஒண்ணுமில்லடி, அந்த எடத்துல மருமகன்" என்று சமாதானம் சொன்னார். எனக்கு அழுகை அதிகமாகிவிட்டது.

மருமகன் என்பது ஒரு பலகை. அதற்கு முன்னால் கிடந்த பலகைக்கு மாமியார் என்று பெயர். மாமியார் மேல் காலை வைத்தால் ஊரைக் கூட்டுவாள். ஆனால் கைவிட மாட்டாள், எவ்வளவு பாரம் என்றாலும் தாங்குவாள். மருமகன் சத்தமே போட மாட்டான். பார்க்கப் பளபளவென்று இருப்பான். நம்பிக் காலை வைத்தவனை ஆற்றுக்குள் அனுப்பிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கிடப்பான். இந்தப் பெயர்களை வைத்ததும், மாமியாரை மிதி, மருமகனைத் தாண்டு என்று முப்பது நாற்பது பேர் காலிலும் ஒரு நடையை ஏற்றிவிட்டதும் ஒரே ஆள்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கூடவே பத்துப் பொய்யும் சொல்லியிருப்பார். ஜெட்டிக் கூலிகளுக்குத் தலைவராக நின்று வேலை வாங்குகிறவரை எங்கள் பக்கம் தண்டல் என்போம். எல்லாருக்கும் அவர் தண்டல். எனக்குத் தண்டலண்ணன். வேட்டிக்கு மேல் பித்தளைக் கொக்கி போட்ட பட்டாளத்து பெல்ட், கழுத்தில் ஒரு விசில், தலையில் எந்தக் காலத்திலோ தொப்பியாக இருந்த ஒன்று. காலையில் வந்ததும் ஜெட்டியின் முதல் தூணுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். பிறகு தூணைக் கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் என் கடைக்கு வந்து கோப்பி கேட்பார்.

ஜெட்டி தொடங்குகிற இடத்தில், கரையில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்டது என் கடை. காலையில் பசியாற இட்டிலி, பத்து மணிக்குக் கோப்பி, மத்தியானத்துக்குக் கஞ்சி. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், கூலிகளுக்குக் கட்டின வரிசை வீட்டில், பிறந்தவள். நேராகப் போகிற தண்டவாளத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த ஜெட்டி கண்ணுக்கு ஒத்து வரவே இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் குழிந்து, ஆற்றுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"என்னண்ணே, இது கோணலா நிக்குது?"

"அது அப்படித்தான் கட்டினது, தங்கச்சி" என்றார்.

அந்த மனிதரைப் பற்றி ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் அந்த வரி போதும். ஜெட்டியில் ஏதாவது கெட்டுப்போயிற்று என்று அவர் வாயால் ஒத்துக்கொண்டதே கிடையாது. தூண்களைப் புழு அரித்தது. கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து ஒரு நாள் முழுசாக ஆற்றில் விழுந்தது. "காத்து வரட்டும்னு விட்டுட்டாங்க" என்றார். சரக்கு தூக்குகிற கைச்சக்கர யந்திரத்தின் பல் உடைந்து சக்கரம் உருண்டு போனது. "எடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார். விளக்குக் கம்பம் சாய்ந்தது. "வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லுது" என்றார். ஆற்றில் இறங்குகிற படியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது நானே போய், "இதுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய் கோப்பி குடித்தார். "தண்ணி ஏறுனா தொங்கானே மேல வந்துடும். அப்பறம் படி எதுக்கு?" என்றார். தொங்கான் என்பது சரக்கு ஏற்றி வருகிற பெரிய படகு. தண்ணீர் இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஏறுற வரைக்கும் கோப்பி குடிக்கலாம்" என்று கோப்பையை நீட்டினார்.

ஒரு தடவை சுமத்ராக் காற்று சரக்குக் கொட்டகையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர்கள் ஊரை அப்படித்தான் சொல்வோம், ஒருவர் வீட்டு முற்றத்தில் போட்டது. அவர் நல்ல மனிதர். கூரையைத் திருப்பிக் கொடுக்கத் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். நம் ஆள் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "உங்க கோழிக்குக் கூரை இல்லேன்னு சொன்னீங்களேன்னு நான்தான் அனுப்பிவெச்சேன்" என்றார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை எங்களுக்கு முட்டை வந்தது. கொட்டகையில் மூட்டைகள் நனைந்தன.

அந்த ஜெட்டியின் கதையை அவர் சொல்லும்போது கேட்க வேண்டும். இவர் இளந்தாரியாக இருந்தபோது நம் நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பட்டாளம் வந்ததாம். சுடுகிற பட்டாளம் இல்லை, பாலம் போடுகிற, பாதை வெட்டுகிற பட்டாளம். அதோடு ஆப்பு அடிக்கிற வேலைக்கு இவரும் வந்தாராம். கழுத்தளவு சேற்றில் நின்று தூண் இறக்கினார்களாம். "பட்டாளத்துக்காரன் கட்டுனா ஒண்ணு வேண்டிய எடத்துல மூணு போடுவான் தங்கச்சி. ரெண்டு விழுந்தாலும் ஒண்ணு நிக்கும். நம்ம பேரன் காலம் வரைக்கும் அசையாது" என்பார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பேரனுக்கு எங்கே போவார் என்று நான் கேட்கவில்லை.

பட்டாளம் போன பிறகு ஜெட்டி யாருக்குச் சொந்தம் என்பதே ஒரு கூத்து. ஒரு ஆபீசில் கேட்டால் அடுத்த ஆபீசுக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். அடுத்த ஆபீசில் கேட்டால் அப்படி ஒரு ஜெட்டியா என்பார்கள். சரக்குக்காரர்களுக்கு அதைப் பற்றி என்ன? படகு வந்து நிற்க இடம் இருந்தது, இறக்கிவைக்க ஆள் இருந்தது. பழுது பார்க்கத்தான் யாரும் வரவில்லை. இதையும் தண்டலண்ணன் பெருமையாகச் சொல்வார். "பழுது இருந்தால்ல பாக்க வருவான்?"

இன்னொரு கூத்து, வேல். பெரிய பலகைகளில் காய்ச்சின இரும்பால் ஒரு முத்திரை குத்தியிருக்கும். மூன்று கோடு, உச்சியில் ஒன்றாகச் சேரும். நம் ஆட்களுக்கு அது முருகன் வேலாகத் தெரிந்துவிட்டது. பத்துமலைக்கு வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர்கள், வேறு எப்படித் தெரியும்? ஆயுத பூசையன்று அத்தனை பலகைக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. சூசை என்று ஒரு வேதக்காரர் எங்கள் ஆட்களில் இருந்தார். அவர் மட்டும், "அது வேலில்லப்பா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூணும் மேல சேருது பாரு" என்பார். பொரிகடலையில் பங்கு வாங்கும்போது அந்தக் கருத்து வேறுபாடு எல்லாம் வராது. "வேல் போட்ட மரத்துல நடக்கிறோம், நமக்கு என்ன வரும்?" என்று தண்டலண்ணன் சொல்ல, எல்லாரும் தலையாட்டிவிட்டு மருமகனைத் தாண்டிப் போவார்கள்.

அந்த நடையைச் சொல்கிறேன். மூட்டையைப் பிடரியில் வாங்கிக் குனிந்து போகிறவனுக்குத் தன் பெருவிரலைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் தண்டலண்ணன் முன்னால் நின்று விசில் ஊதிக் குரல் கொடுப்பார். "நேரா... நேரா... மாமியார மிதி... ஒதுங்கு... தாண்டு!" வரிசை முழுக்க ஒரே மாதிரி ஒதுங்கும், ஒரே மாதிரித் தாண்டும். ஒவ்வொரு பலகை கெடக் கெட அந்த நடையில் ஒரு வளைவு கூடும். நாளாக ஆகக் குரலே தேவைப்படவில்லை. கால் தானாகப் போயிற்று.

ஒரு மாசி மகத்தன்று சாமி தூக்கும் பொறுப்பை ஜெட்டி ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தோள் பலம் உள்ளவர்கள் என்று நினைத்தார்கள், வாஸ்தவம்தான். கடைத்தெரு நல்ல நேரான தெரு. பாதி வழியில் யார் மனசுக்குள் என்ன குரல் கேட்டதோ, முன்னால் போனவன் ஒதுங்கினான், அத்தனை பேரும் ஒதுங்கினார்கள், தாண்டினார்கள். சாமி ஒரு குலுங்கு குலுங்கி, மாலை குருக்கள் கழுத்தில் வந்து விழுந்தது. "நாசமாப் போச்சு, இதென்ன நடை?" என்று குருக்கள் கத்தினார். தண்டலண்ணன் கைகட்டி நின்று, "அது அப்படித்தான்..." என்று ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்து அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாள் சூசைக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மினதில் தாண்டவேண்டிய இடத்தில் தாண்டவில்லை. அரிசி மூட்டையோடு மருமகன் வழியாக ஆற்றுச் சேற்றில் போய் விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்து என் கடையில் படுக்க வைத்தபோது வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பியிருந்தது. மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். தண்டலண்ணன் வந்தார், பார்த்தார், "குளிக்க நேரமே இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தான்" என்றார். அன்றைக்கே சூசை பெண்டாட்டி அழுதுகொண்டு நிற்கும்போதே, அளவாக ஒரு புதுப் பலகையைத் தேடிப் பிடித்து மருமகன் இடத்தில் வைத்து, கரி எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிவிட்டார். அடியில் தாங்குகிற கட்டை மட்டும் பழைய இற்றுப்போன கட்டைதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சிக் கரண்டியை வீசினேன். அவர் தொப்பியில் பட்டு விழுந்தது.

"இந்தாங்க தண்டலண்ணே, இன்னிக்குச் சூசையண்ணன். நாளைக்கு எங்க வீட்டுக்காரர். இந்த ஜெட்டி கெட்டுப்போச்சு, அதை உங்க வாயால ஒரு தடவை ஒத்துக்குங்க. ஒத்துக்கிட்டாத்தானே எவனாவது வந்து பாப்பான்?"

கரண்டியை எடுத்துத் துடைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, நான் அதுவரை கேட்காத ஒரு குரலில் பேசினார்.

"வந்து பாப்பான் தங்கச்சி. பாத்துட்டு மூடிடுவான். மூடுனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ரப்பர் விலை விழுந்த காலம் அது. கேரி தீவுப் பக்கம், செராஸ் பக்கம் என்று தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாதவர்களை மூட்டை முடிச்சோடு கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு குழந்தை குட்டிகளோடு அவர்கள் போவதை என் கடையிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்கு ஊர் என்றால் பிரிக்பீல்ட்ஸ்தான். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அங்கே எனக்காக ஒரு மாமியார் வேறு காத்திருந்தாள், நிஜ மாமியார். அம்மாவைப் பற்றி என் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டால், அந்தப் பலகைக்குப் பெயர் வைக்க யோசனை சொன்னதே இவர்தானோ என்று தோன்றும். ஆக, ஜெட்டி இருந்தால் புருஷன் ஆற்றில் போவான், ஜெட்டி போனால் நாங்கள் எல்லாரும் கடலில் போவோம். இதில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நான் முருகனிடம் பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

சூசை விழுந்த சேதி எப்படியோ மேலே போய்விட்டது. ஜெட்டியைப் பார்த்து, வைத்திருக்கலாமா மூடலாமா என்று சொல்ல ஒரு வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்று தகவல் வந்தது. தண்டலண்ணன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பரபரத்தார். ஓட்டை இருந்த இடமெல்லாம் அரிசி மூட்டை அடுக்கினார். சாய்ந்த விளக்குக் கம்பத்தில் வாழைமரம் கட்டினார். எல்லா ஓட்டையையும் மூடின மனிதர் மருமகனை மட்டும் திறந்து விட்டிருந்தார். "புதுப் பலகை, லட்சணமா இருக்கான். தொரை கண்ணுல படட்டும்" என்றார்.

துரை வந்தார். நல்ல கனத்த சரீரம், கையில் தடி, வெள்ளை மீசை. நான் கோப்பித் தட்டோடு பின்னால் நடந்தேன். என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் மூட்டைகளோடு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். துரை ஒரு பலகையில் குங்குமத்தைப் பார்த்து நின்றார்.

"என்ன இது?" தமிழில்தான் கேட்டார். பட்டாளத்தில் நம் ஆட்களோடு இருந்து பழகின தமிழ்.

"முருகன் வேல் தொரை" என்றார் தண்டலண்ணன்.

"வேலா? இது சர்க்கார் மார்க். எவனும் திருடக் கூடாதுன்னு போடறது."

சூசை கட்டுப்போட்ட கையோடு கரையிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன், வேலில்லன்னு!" என்று கத்தினார். தண்டலண்ணன் அசரவில்லை. "சர்க்கார் மார்க்தான் தொரை. சர்க்காருக்கு வேற யார் குடுத்தது, முருகன்தான்" என்றார்.

துரை சிரித்துக்கொண்டே நடந்தார். மாமியார் மேல் கால் வைத்ததும் அவள் கத்தின கத்தலில் கொஞ்சம் பதறினார். பக்கத்தில் பளபளவென்று மருமகன். நல்ல பலகையைக் கண்ட நிம்மதியில் அதில் ஏறி நிற்கக் காலைத் தூக்கிவிட்டார்.

"தாண்டுங்க தொரை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். சொல்லாவிட்டால் துரை ஆற்றில். தண்டலண்ணன் இரண்டும் செய்யவில்லை. துரைக்கு முன்னால் பாய்ந்து தானே மருமகன் மேல் ஏறி நின்றார். அவன் வழக்கம் போல ஒரு சத்தமும் போடவில்லை. அடுத்த கணம் தண்டலண்ணன் இடுப்பு வரைக்கும் உள்ளே இருந்தார். பட்டாளத்து பெல்ட்டின் கொக்கி பக்கத்துப் பலகையில் மாட்டி ஆளைப் பிடித்துக்கொண்டது. மேலே பாதி, கீழே பாதி. தொப்பி மட்டும் தலையில் சரியாக இருந்தது.

துரை குனிந்து பார்த்தார். தண்டலண்ணன் நிமிர்ந்து பார்த்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்தார்.

"ஒண்ணுமில்ல தொரை. கீழ எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்னு எறங்குனேன்."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துரை சிரிக்கவில்லை. அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"டேய்! நீ அந்த ஆப்பு அடிக்கிற பையன்தானே? இன்னும் சாகலையா நீ?"

"அப்ப நீங்க... சின்ன தொரையா?" என்றார் பள்ளத்திலிருந்தவர்.

அந்த ஜெட்டியைக் கட்டின பட்டாளத்தில் அன்றைக்கு மீசை முளைக்காத துரையாக இருந்தவர்தான் இவர். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. கட்டினவரே வந்துவிட்டார், தன் கையால் கட்டினதைக் குறை சொல்லவா போகிறார் என்று நினைத்தோம். துரை தடியால் பலகையைத் தட்டினார்.

"இது இன்னும் நிக்குதா? ஒரே ஒரு மழைக்காலத்துக்காகக் கட்டினது! பாலத்துச் சாமான் எறக்கத்தான். மழை முடிஞ்சதும் பிரிச்சுப் போடுன்னு உன்னைத்தானே விட்டுட்டுப் போனோம்?"

பேரன் காலம் வரைக்கும் அசையாது என்று எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறோம்! அத்தனை பேர் கண்ணும் பள்ளத்தில் நின்றவர் மேல் இருந்தது.

"சொன்னீங்க தொரை" என்றார் அவர். "மழை முடியட்டும்னு பாத்தேன். இந்த ஊர்ல மழை எப்ப தொரை முடிஞ்சுது?"

துரை சிரித்தார் பாருங்கள், மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கொடுத்த கோப்பி தட்டில் பாதி கொட்டிவிட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு அவர் கேட்டதுதான் கஷ்டமான கேள்வி.

"சரி, நீயே சொல்லு. எனக்கு இனிமே குனிஞ்சு பாக்க முடியாது. நீ இப்ப கீழதான் இருக்கே. கால்ல தொட்டுப் பாத்து சொல்லு, தூணு எப்படி இருக்கு? நீ நல்லா இருக்குன்னா நானும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடறேன்."

இதைவிட என்ன வேண்டும்? அவர் வாயில் அந்தப் பதில் எப்போதும் தயாராக இருப்பதுதானே. அது அப்படித்தான் கட்டினது தொரை என்று ஒரு வார்த்தை. ஜெட்டி நிற்கும், வேலை நிற்கும், கப்பல் இல்லை. அவர் காலால் துழாவுவது மேலே தோள் அசைவில் தெரிந்தது. தொங்கிக்கொண்டே ஒவ்வொருத்தராகப் பார்த்தார். கரையில் சூசையின் கையைப் பார்த்தார். பிடரியில் மூட்டையோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல தொரை" என்றார். "கால வெச்சா கால் உள்ள போகுது. கெட்டுப்போச்சு."

எத்தனையோ நாளாக அவர் வாயிலிருந்து பிடுங்க நினைத்த வார்த்தை. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த மனிதரைப் போய் அப்படிச் சொல்ல வைத்துவிட்டார்களே என்று இருந்தது. என் புருஷன் உயிர் தப்பியது என்பதும், கப்பல் வந்துவிட்டது என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

துரை மெதுவாக எழுந்தார். "அப்ப மூட வேண்டியதுதான்."

"அது எப்படி தொரை மூடுறது?" என்றது பள்ளத்திலிருந்து குரல். பழைய குரல் திரும்பியிருந்தது. "பிரிக்கச் சொல்லி உத்தரவு இருக்கே?"

"என்ன உத்தரவு?"

"அன்னிக்கு நீங்க சொன்னதுதான். நான் மறக்கல. மழைதான் விடல. இந்தா, ஆளுங்களும் இருக்காங்க. இந்த ஜெட்டியில எங்க கால வைக்கலாம், எங்க வைக்கக் கூடாதுன்னு இவங்க காலுக்கு மட்டும்தான் தெரியும். வெளி ஆளக் கொண்டாந்து விட்டீங்கன்னா ஒருத்தன் மிச்சம் இருக்க மாட்டான்."

துரை வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"அதை எப்படிச் சொல்றது தொரை? பட்டாளத்து வேலை. ஒண்ணு வேண்டிய எடத்துல மூணு போட்டிருக்கீங்க. லேசுல வராது."

"இப்பத்தானே கெட்டுப்போச்சுன்னே?"

"கெட்டதைப் பிரிக்கிறதுதான் தொரை கஷ்டம். நல்லதுன்னா ஒரே இழுப்புல வந்துடும்."

துரை மீசையைக் கடித்துக்கொண்டார். "நல்லா பிரிக்கணும். அவசரப்படக் கூடாது. கேட்டியா?" என்றார். "அவசரப்பட்டு எனக்குப் பழக்கமே இல்ல தொரை" என்றார் இவர். பிறகுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்து, அவரைத் தூக்கி வெளியே எடுத்தோம். வேட்டி ஆற்றோடு போயிருந்தது. பெல்ட் இருந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

ஒரு ஜெட்டியை அவ்வளவு மெதுவாகப் பிரித்த ஆட்கள் இந்த மலாயாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள். ஒரு ஆணியைப் பிடுங்குவார்கள், அதை நிமிர்த்துவார்கள், துடைப்பார்கள், அது எந்தப் பலகையின் ஆணி என்று பேசுவார்கள், கோப்பிக்கு வருவார்கள். ஒவ்வொரு பலகையையும் எடுக்கும் முன் சர்க்கார் மார்க்குக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, சூசை ஒரு ஜெபம் சொல்லி முடிக்க வேண்டும். மழை வந்தால் வேலை இல்லை, சர்க்கார் கூலி உண்டு. மழை வராத நாள் கிள்ளானில் ஏது? சூசைக்குக் கை கூடும் வரை ஆணி எண்ணுகிற வேலை. கண்காணிக்க வந்த ஒரு ஆபீசுக் கிராணி கோபித்துக்கொண்டபோது, "மரத்துக்கு நோகாம எடுக்கச் சொல்லியிருக்காரு தொரை" என்றார் தண்டலண்ணன்.

அந்த நாட்களில் ஒரு மழை மத்தியானம், நான் கேட்காமலே சொன்னார். பட்டாளம் போன மறுநாள் பிரிக்கத்தான் கடப்பாரையை எடுத்தாராம். ஒரு தொங்கான் வந்து நின்றதாம். சரக்கு இறக்க ஆள் வேண்டுமா என்று கரையில் நாலு பேர், கப்பலில் வந்த கசங்கின துணியோடு நின்றார்களாம். "வேலை கேட்டு வந்து நிக்கிறான். அவன்கிட்டப் போயி நான் இதைப் பிரிக்கப் போறேன்னு எப்படிச் சொல்றது? மறுநாள் பாத்தா ஆறு பேர். அப்பறம் சொல்ல வாயே வரல" என்றார். கோப்பியைத் தட்டில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார்.

கடைசித் தூணைப் பிடுங்குவதற்குள் ரப்பர் விலை ஏற ஆரம்பித்துவிட்டது. ஆற்று முகத்துவாரத்திலிருந்த பெரிய துறைமுகத்தில் ஆள் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் அங்கே போனார்கள். சிமெண்டுத் தரையில் மருமகனைத் தாண்டித் தாண்டி மூட்டை தூக்கினார்கள். யாரும் கப்பல் ஏறவில்லை. நான் இன்றைக்கும் நாகப்பட்டினத்தைப் பார்த்ததில்லை.

பிரித்து முடித்த அன்று தண்டலண்ணன் தலையில் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு என் கடைக்கு வந்தார். சர்க்கார் மார்க் அடியில் போகும்படி திருப்பி, இரண்டு கட்டைத்துண்டு மேல் வைத்து, பெஞ்சாகப் போட்டார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாமியார்.

"உக்காரு தங்கச்சி. ஒண்ணும் ஆவாது. நல்ல மரம்."

நான் விடுவேனா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேன். "கெட்டுப்போச்சுன்னு தொரைகிட்டச் சொன்னீங்களே?"

"தொரைகிட்டச் சொன்னேன்" என்றார் அவர். "உன்கிட்டச் சொன்னேனா?"

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து அதில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் ஊரைக் கூட்டினாள். இரண்டு பேரையும் தாங்கினாள்.